நகலெடுக்கும் கருவி எது நல்லது?

பழைய விளையாட்டுப் பொறிகளின்பால் மாணவரிடையே மீண்டும் ஆர்வம் பிறந்திருக்கிறது. நிண்டெண்டோ நிறுவனம் 1989ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியிட்ட கேம் பாய் அவற்றுள் முதன்மையானது. அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு வந்த கேம் பாய்கள் நம் விடுதி அறைகளிலும் சில உண்டு. அவற்றை வைத்திருப்போர் ஒரு கேள்வியை அடிக்கடி எழுப்புகின்றனர்: “கார்ட்ரிட்ஜை நகலெடுத்து வைக்க எந்தக் கருவி நல்லது?”

விலையைக் கேட்கிறார்கள், வேகத்தைக் கேட்கிறார்கள், அழகையும் கேட்கிறார்கள். காக்க வேண்டிய பொருள் யாது என்று கேட்போர் மிகச் சிலரே. அதை அறியாமல் கருவியைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்?

கார்ட்ரிட்ஜுக்குள் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று விளையாட்டின் நிரல். அது தொழிற்சாலையிலேயே சில்லில் பதிக்கப்பட்டது. மின்சாரமின்றியே நிலைத்து நிற்பது. மற்றொன்று நாம் விளையாடி நிறுத்திய இடத்தின் பதிவு. அதையே ‘சேவ்’ என்கிறோம். 1999இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் கோல்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஆங்கிலப் பதிப்பின் நிரல் 2 மெகாபைட். சேவுக்குரிய நினைவகமோ 32 கிலோபைட். நிரலில் 64இல் ஒரு பங்குதான். அந்தச் சிறு பங்கைத் தாங்கி நிற்பது சி.ஆர். 2025 என்னும் காசு வடிவ மின்கலம் ஒன்றே. உள்ளிருக்கும் கடிகாரத்தையும் அதுவே ஓட்ட வேண்டியிருப்பதால் விரைவில் தேய்ந்துவிடுகிறது. மின்கலம் தீர்ந்தால் சேவும் அழியும்.

2002இல் வந்த ரூபி, சஃபையர் விளையாட்டுகளில் இந்த அச்சமில்லை. அவற்றில் சேவ் ஃப்ளாஷ் நினைவகத்தில் இருக்கிறது; மின்கலம் கடிகாரத்துக்கு மட்டுமே. ஆகவே, முதலில் காக்க வேண்டியவை மின்கலத்தை நம்பியிருக்கும் பழைய கார்ட்ரிட்ஜ்களே.

“நிரல்தான் இணையத்தில் கிடைக்கிறதே, நகல் எதற்கு?” என்பாரும் உளர். நிரல் எண்ணற்ற கார்ட்ரிட்ஜ்களில் ஒன்றுபோலவே இருக்கிறது. சேவ் அப்படியன்று. பள்ளி நாளில் நாம் ஓர் உயிருக்குச் சூட்டிய பெயரும், கோடை விடுமுறை முழுவதும் சேர்த்த சேர்க்கையும் உலகில் அந்த ஒரே கார்ட்ரிட்ஜில்தான் உள்ளன. நிரலை எழுதியவர் நிறுவனத்தார்; சேவை எழுதியவர் நாம். இழந்தால் திரும்பக் கிடைக்காதது எதுவோ, அதையன்றோ முதலில் காக்க வேண்டும்?

எனவே, கருவியிடம் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். சேவை எடுப்பதோடு திரும்ப எழுதவும் செய்யுமா? எடுத்த நகல் சரியென்று சோதிக்க வழி உண்டா? செய்தவர் கடையைச் சாத்திய பிறகும் அது பயன்படுமா?

மூன்றாவது கேள்வியை எளிதாக எண்ண வேண்டா. 1990களின் இறுதியில் ஹாங்காங்கின் பங் நிறுவனம் ஜி.பி. எக்ஸ்சேஞ்சர் என்ற கருவியை விற்றது. அது கணினியின் அச்சுப்பொறி வாயிலில் இணைவது. இன்றைய மடிக்கணினியில் அந்த வாயிலே இல்லை! கருவி பழுதுபடாமலே பயனற்றுப் போயிற்று.

இன்றைய கருவிகளுக்கு வருவோம். எபிலாக் நிறுவனத்தின் ஜி.பி. ஆபரேட்டர் கையாள மிக எளியது. யு.எஸ்.பி. வழியே இணைத்து, கார்ட்ரிட்ஜைச் செருகினால், கணினித் திரையிலேயே விளையாடலாம். சேவை எடுக்கலாம், திரும்ப எழுதலாம். ஆனால் அது அந்நிறுவனத்தின் பிளேபேக் என்னும் மென்பொருளோடு சேர்ந்து இயங்குவது. நிறுவனம் நிலைக்கும்வரை நன்று. பிறகு என் செய்வது?

இன்சைட்கேட்ஜெட்ஸ் தரும் ஜி.பி.எக்ஸ்கார்ட் ஆர்.டபிள்யூ. அத்தனை எளிமையானதன்று, சற்றுப் பழக வேண்டும். எனினும் ஃப்ளாஷ்ஜிபிஎக்ஸ் என்னும் திறந்தமூல மென்பொருள் அதனோடு இயங்குகிறது. சேவோடு கடிகாரத்தின் நிலையையும் எடுத்து வைக்கிறது. நிரலின் நகலைச் சரிபார்க்கிறது. அதே மென்பொருள் வேறு சில கருவிகளோடும் இயங்குவதால் ஒருவரையே நம்பி நிற்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஓப்பன் சோர்ஸ் கார்ட்ரிட்ஜ் ரீடர். ஆர்டுயினோ மெகா பலகையை அடிப்படையாகக் கொண்டது. கணினியே இல்லாமல் நேராக எஸ்.டி. அட்டையில் எழுதுகிறது, கேம் பாயோடு வேறு பல பொறிகளின் கார்ட்ரிட்ஜ்களையும் படிக்கிறது. வரைபடமும் நிரலும் எல்லார்க்கும் திறந்திருப்பதால், பற்றவைக்கத் தெரிந்தவர் தாமே செய்துகொள்ளலாம், பழுதும் பார்க்கலாம். ஆனால் கவனம் வேண்டும். பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ் 5 வோல்ட்டில் இயங்குவது. கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் 3.3 வோல்ட்டில் இயங்குவது. மாற்றிக் கொடுத்தால் காக்க வந்த கருவியே கெடுக்கும் கருவியாகிவிடும்.

என் முடிவு இது. கேம் பாய் மட்டும் வைத்திருக்கும் தனியொருவருக்கு ஜி.பி.எக்ஸ்கார்ட் போதும். பலரும் பகிர்ந்துகொள்ளும் விடுதிக்குத் திறந்தமூல ரீடரே தக்கது. நம் சங்கம் அப்படி ஒன்றைச் செய்து வைக்கலாம். மின்னணுவியல் பயிலும் தோழர்கள் நம்மிடையே இல்லையா என்ன?

எந்தக் கருவியானாலும் முறை ஒன்றே. முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடையுங்கள். சேவை இருமுறை எடுங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் நம்பாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை நம்பி முடிவெழுதுவோமா? மின்கலத்தை மாற்றுவதற்கு முன்னரே இதைச் செய்யுங்கள். பழைய மின்கலத்தைக் கழற்றினால் சேவும் போய்விடும்.

சட்டம் இதற்குத் தடையன்று. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக நகலெடுத்துக்கொள்ள இடந்தருகிறது. அது தன் பொருளைக் காக்கத் தந்த உரிமை; ஊருக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கத் தந்த உரிமை அன்று. இந்த எல்லையை நாம் மதிக்க வேண்டும்.

நண்பர்களே! எது சிறந்த கருவி என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நடக்கலாம். மின்கலம் அதுவரை காத்திராது. கையில் கிடைக்கும் கருவியைக் கொண்டு, இந்தப் பருவம் முடிவதற்குள், உங்கள் சேவை எடுத்து வையுங்கள்.