பெயர்ப்பலகையும் ஓர் அமானிதமே

வணிகம் தொடங்குவோர் இடம் பார்க்கின்றனர், முதல் திரட்டுகின்றனர், பெரியோர்களை அழைத்துத் துஆ ஓதிக் கடை திறக்கின்றனர். ஆயின், கடையின் பெயர் எவ்வகை எழுத்துருவில் அமைய வேண்டும் என்பதை மட்டும் அச்சகத்துக் கணிப்பொறியின் முன் நின்றவாறே ஐந்து நிமிடங்களில் முடித்துவிடுகின்றனர். இதைப் பற்றித் தமிழ்த்துறையினர் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். எழுத்தைப் பற்றிய பேச்சு இலக்கண வகுப்போடு முடிந்துவிடுவதன்று; அது கடைவீதிக்கும் வர வேண்டும் என்பதே எம் கருத்து.

எம்மை எண்ணவைத்த நிகழ்ச்சி

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கோரைப்பாய் வணிகம் தொடங்கினார். பத்தமடைப் பாயின் நயம் தமிழகம் அறிந்தது. அதனை நெய்யும் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். தம் பாட்டனாரின் பெயரையே கடைக்குச் சூட்டியிருந்தார். திறப்பு விழாவிற்கு முதல்நாள் பலகையைக் காண எம்மை அழைத்தார்.

பச்சைப் பின்னணியில் பொன்னிற எழுத்துகள். ஒவ்வொன்றும் அரபு எழுத்தைப்போல வளைந்து, வாள்முனைபோல் நீண்டு, தேவையற்ற புள்ளிகளைச் சுமந்து நின்றது. பாட்டனாரை எதிரே நாற்காலியில் அமர்த்தியிருந்தனர். அவர் தமிழும் படிப்பார், அரபும் ஓதுவார். நெடுநேரம் நோக்கியபின், "இது யாரு பேரு வாப்பா?" என்று பேரனைக் கேட்டார். பேரனால் விடை கூற இயலவில்லை.

எமக்கும் நாணமாகவே இருந்தது. மூன்றாண்டுகள் அம்மாணவருக்கு யாப்பும் அணியும் கற்பித்தோம். தம் பாட்டனாரின் பெயரை நான்கு பேர் படிக்குமாறு எழுதக் கற்பித்தோமில்லை.

முன்னோர் காட்டிய நெறி

எழுத்தின் வடிவம் வெறும் அழகுக்கானதன்று என்பதை நம் மரபு நன்கறியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்றார் தொல்காப்பியர். ஓலை கிழியுமென்று அஞ்சி ஏடெழுதியோர் பலர் அப்புள்ளியை விட்டனர். ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றின. கற்றவர் இடம் நோக்கிப் பொருள் கண்டனர், மற்றவர் மயங்கினர். எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் வடிவத்தால் பிரித்துக் காட்டிய வீரமாமுனிவர் (1680–1747), படிப்பவரின் இடர்ப்பாட்டையே நீக்க முனைந்தார். கடைவீதியில் நடந்து செல்பவர் ஏட்டுச்சுவடி ஆராயும் புலவர் அல்லர். அவருக்கு ஒரு நொடியில் பெயர் விளங்க வேண்டும்.

நம் சமுதாயத்தின் அரபுத்தமிழ் மரபும் இதற்கு நல்ல சான்றாகும். தமிழை அரபு எழுத்தில் எழுதத் துணிந்த நம் முன்னோர், பகரம், டகரம், ணகரம், ளகரம் முதலிய ஒலிகளுக்கு அரபு நெடுங்கணக்கில் இடமில்லை எனக் கண்டனர். அவ்வொலிகளைக் கைவிட்டனரா? இல்லை. இருந்த எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். எழுத்தை மொழிக்குப் பணியச் செய்தனர். இன்றைய பலகைகளிலோ, அரபு போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகத் தமிழ் எழுத்தின் கைகால்கள் ஒடிக்கப்படுகின்றன.

"அது நம் அடையாளம் அன்றோ?" என்பார் உளர். அவர்தம் பற்றினை யாம் மதிக்கின்றோம். எனினும் அரபு எழுத்துக்கலை கட்டற்ற வளைவுகளின் கூட்டமன்று. கி.பி. 940-இல் மறைந்த இப்னு முக்லா, நாணற்கோலின் நுனி பதிக்கும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு ஒவ்வோர் எழுத்துக்கும் விகிதம் வகுத்தார். அவ்வளவும் இல்லை, தமிழின் வடிவும் இல்லை என்னும் போலி எழுத்து இரு மொழிக்கும் இழுக்கே ஆகும். அரபு வேண்டுமாயின் அக்கலை கற்றவரைக் கொண்டு முறைப்படி எழுதுவித்து, அதனருகே தமிழைத் தமிழாகவே நிறுத்துக.

தேர்வுக்குரிய அளவைகள்

மாதிரித் தாளைக் கண்டு மயங்குதல் கூடாது. எழுத்துருவை ஆக்கியவர் அதில் தமக்கு நன்கு அமைந்த சொற்களையே காட்டியிருப்பார். முதற்கண் நம் கடைப்பெயரை அவ்வெழுத்துருவில் அமைத்துப் பார்த்தல் வேண்டும். நம் பெயர்களில் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியன மிகுதி. ஃபாத்திமா என்று எழுத ஆய்தமும் வேண்டும். பிற எழுத்துகளைச் செம்மையாக வரைந்தோர் சிலர், கிரந்த எழுத்துகளைக் கடமைக்கு வரைந்து விட்டுவிடுகின்றனர். ஹு, ஹூ, ஷு போன்றவற்றில் உகரக் குறி ஒட்டாமல் தனியே தொங்குவதும் உண்டு. அம்மாணவரின் பாட்டனார் பெயரில் ஷகரமும் ஹு என்பதும் அடுத்தடுத்து இருந்தன. பெயர் சிதைந்த இடமும் அதுவே.

அடுத்து, அளவும் தொலைவும். பலகையில் இனிது தோன்றும் தடித்த எழுத்து, முகவரி அட்டையில் சிறுத்தவுடன் சுழிகள் மைந்நிறைந்து அடைபட்டுவிடும். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒன்றாகும். ஆதலின் மிகச் சிறிய அளவிலும், தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தும் படித்துப் பார்த்தல் வேண்டும். வீட்டில் மூத்தவர் எவரோ, அவர் கண்ணே இதற்குத் தகுந்த நீதிபதி.

மூன்றாவது, பொருளோடு பொருத்தம். உருண்டு திரண்ட 'பாலூ தம்பி' போன்ற எழுத்துரு சிறுவர் விரும்பும் தின்பண்டத்திற்குப் பொருந்தும். நுண்ணிய நெசவுடைய பாய்க்கு 'முக்தா மலர்', 'ஹிந்த் மதுரை' போன்ற ஒரே சீரான கோடுடைய எழுத்துரு, நடுத்தரத் தடிப்பில் ஏற்றதாகும். நூல் விற்போர் மெலிவும் தடிப்பும் மாறிவரும் மரபு வடிவை நாடலாம்.

நான்காவது, ஆங்கிலத்தோடு இணைப்பு. தமிழ்நாட்டில் கடைப்பலகையில் தமிழே முதன்மை பெற வேண்டும் என்பது விதி. தமிழ்ச் சொல் நீளமானது. மேலே விலங்கும் புள்ளியும், கீழே உகர ஊகார வளைவுகளும் அதற்கு உண்டு. ஆங்கிலத்திற்கு விட்ட இடத்திலேயே தமிழையும் நெருக்கி அடைத்தால் மூச்சுத் திணறும். ஆங்கிலத்தைச் சற்றுக் குறுக்கினால் குறையொன்றும் இல்லை.

ஐந்தாவது, குறியீட்டு முறை. தமிழ் 1991-இலேயே ஒருங்குறியில் இடம் பெற்றது. 2010-இல் தமிழக அரசும் அதனைத் தரமாக ஏற்றது. இன்றும் சில அச்சகங்களில் பழைய குறியீட்டு எழுத்துருக்களே உள்ளன. அவற்றில் தட்டிய விலைப்பட்டியலை வேறொரு கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். கைப்பேசியில் நம் கடையைத் தேடுவோர்க்கும் அப்பெயர் அகப்படாது.

அளவும் அமானிதமும்

எழுத்துருவை ஆக்கியவரும் ஓர் உழைப்பாளியே. ஒவ்வொரு சுழியையும் வளைவையும் பன்முறை திருத்தி, மாதக்கணக்கில் உழைத்தவர். விலைக்குரிய எழுத்துருவைத் திருட்டுப் படியாகப் பெற்றுக் கடைக்குப் பெயரெழுதுதல் அவர் கூலியை மறுப்பதாகும். அளவில் குறைவு செய்வோரைக் கண்டிக்கும் தனி அத்தியாயமே திருக்குர்ஆனில் உண்டு. தராசை நேராகப் பிடிக்கும் வணிகர், தம் தலைக்குமேல் உள்ள பலகையையும் அவ்வாறே பிடிக்க வேண்டாவா? வறுமையைக் காரணம் காட்டவும் வழியில்லை. மேலே யாம் குறித்த மூன்று எழுத்துருக்களும் வணிகப் பயன்பாட்டிற்கும் இலவசமாகவே திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இன்னும் சிறப்பு வேண்டுவோர், தூரிகை பிடிக்கும் பலகை ஓவியரை அழைத்து உரிய கூலி தந்து எழுதுவிக்கலாம். அக்கைத்தொழிலும் பிழைக்கும்.

அம்மாணவர் விழாவை நான்கு நாள் தள்ளிவைத்துப் புதிய பலகை செய்தார். பழைய பலகைக்குக் கொடுத்த தொகை போனது போனதே. புதிய பலகையில் அலங்காரம் ஏதுமில்லை. பாட்டனார் தெருவில் நின்றபடியே தம் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு உள்ளே சென்று பாய்களின் ஓரம் சரியாக மடிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கத் தொடங்கினார். நல்ல எழுத்துரு செய்ய வேண்டிய வேலை அவ்வளவே: தன்னைக் காட்டாமல் பெயரைக் காட்டி, வந்தவரைப் பொருளிடம் அனுப்பிவிடுவது.

ஆண்டுதோறும் தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு வகுப்பேனும் எழுத்துருவைப் பற்றி நடத்துதல் நலம். பெரியோர்களும் கடைதிறக்கும் இளைஞரிடம், "முதல் எவ்வளவு?" என்று கேட்பதோடு, "பெயரைப் படிக்க முடிகிறதா?" என்றும் கேட்க வேண்டுகிறோம். பெற்றோர் வைத்த பெயர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைச் சிதையாமல் காக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!