‘ஆள் இல்லை, நீயே ஓட்டு!’ டபுள் டூட்டியில் தவிக்கும் அரசு பஸ் டிரைவர்கள்

சென்னை,

பஸ் லேட்டா வந்தா பயணிகள் திட்டுவது டிரைவரை. சில்லறை இல்லைன்னா சண்டை கண்டக்டரோடு. ஆனால் பஸ் ஏன் லேட், கண்டக்டர் ஏன் எரிந்து விழுகிறார் என்று டிப்போவுக்குள் எட்டிப் பார்த்தால் கதையே வேறு.

காலை ஷிப்டு முடித்து, பஸ்சை விட்டு, கணக்கை ஒப்படைத்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அந்த அழைப்பு வரும். ‘அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரலை, நீயே பார்த்துடுப்பா’. மாட்டேன் என்றால் அடுத்த முறை லீவு கேட்கும்போது தெரியும் சேதி. அதனால் பலர் வாய் திறப்பதில்லை. காசு வருதே என்று சிலர் விரும்பிப் போவதும் உண்டு, மறுப்பதற்கில்லை. வீட்டு வாடகை, பிள்ளைகள் பீஸ் அப்படி. ஆனால் 16 மணி நேரம் என்ஜின் சூட்டில் உட்கார்ந்தவரின் கண் ஒரு நொடி சொருகினால், பின்னால் நிற்கும் கூட்டத்தின் கதி என்ன?

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டம் எழுதி வைத்த கணக்கு இது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே 8 மணி நேரம்தான்.

ஆள் பற்றாக்குறை ஒரு பக்கம். நிர்வாகம் செய்யும் கணக்கு இன்னொரு பக்கம். டீசலை மிச்சப்படுத்து என்கிறார்கள். டிரிப்பை கட் பண்ணாதே, நேரத்துக்குப் போ என்கிறார்கள். கலெக்‌ஷன் ஏன் குறைந்தது என்றும் கேட்கிறார்கள். மெட்ரோ ரெயில் பள்ளத்தால் பாதி ரோடு அடைபட்ட இடத்தில் இந்த மூன்றும் எப்படி ஒன்றாக நடக்கும்? டிப்போவுக்குள் உட்கார்ந்து டைம் ஷீட் போட்டவர் அந்த ரூட்டில் ‘பீக் அவர்’ பஸ்சில் ஒரு நாள் போய் வந்தால் தெரியும். லேட்டானால் மெமோ. அவசரமாக ஓட்டி உரசினாலும் மெமோ. கடைசி டிரிப் லேட்டானால் சாப்பாட்டு நேரம், டீ நேரம், ஏன், ஒன்னுக்குப் போகும் நேரம்கூட போச்சு.

2021 மே மாதம் சாதாரண கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவச பயணம் வந்தது. ஏழைப் பெண்களுக்கு பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இலவச டிக்கெட்டையும் கூட்டத்தில் நீந்தி கிழித்துக் கொடுப்பது அதே ஒரு கண்டக்டர்தான்.

2018 ஜனவரியில் சம்பளத்துக்காக பஸ்கள் நின்றன. 2024 ஜனவரி 9, 10 தேதிகளில் நடந்த ஸ்டிரைக்கில், காலி இடங்களை நிரப்பு என்பதும் கோரிக்கை பட்டியலில் இருந்தது. அதற்குப் பிறகு 2025-ல் எட்டு போக்குவரத்து கழகங்களுக்கும் சேர்த்து 3 ஆயிரத்து 274 டிரைவர்-கண்டக்டர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் வாங்கினார்கள். புது ஆள் வந்தால் ஷிப்டு பிரச்சினை கொஞ்சம் தீரும். நிஜ டிராபிக்கை அளந்து டைம் ஷீட்டை மாற்றவும், லீவு கேட்டு வருபவரை குற்றவாளி போல நிற்க வைக்காமல் இருக்கவும் புது ஆள் எதற்கு? அதை அந்தந்த டிப்போ மேனேஜரே நாளைக் காலையில் செய்யலாம்.