மதுரையின் பெயரில் ஒரு நோய்! உழவனின் காலுக்குச் சோதனை எங்கே?

உலகத்து வைத்தியப் புஸ்தகங்களில் நம் ஊரின் பெயர் ஒரு நோய்க்குச் சூட்டப்பட்டிருக்கிறது: ‘மதுரா கால்’. 1842-இல் மதுரை டிஸ்பென்சரியிலிருந்து கில் என்ற வெள்ளைக்கார டாக்டர் இதைப் பற்றி எழுதினார். 1846-இல் கோல்புரூக் என்பவர் இந்தப் பெயரை வைத்தார். 1860-இல் பம்பாயில் டாக்டர் கார்ட்டர் இதற்குக் காரணம் காளான் என்று எடுத்துச் சொன்னார். வருஷம் 160-க்கு மேல் ஓடிவிட்டது. பெயர் வைத்த உலகம், ஏழையின் ஊருக்குச் சோதனையைக் கொண்டு வந்ததா?

இந்த நோய் யாருக்கு வருகிறது? வெறுங்காலோடு வயலில் நிற்பவனுக்கு, கருவேலங்காட்டில் விறகு பொறுக்குபவளுக்கு, ஆடு மேய்ப்பவனுக்கு. முள் குத்துகிறது, மண்ணில் உள்ள கிருமி உள்ளே போகிறது. முதலில் சிறு கட்டிதான், வலி இல்லை. ஆகவே வேலை நிற்பதில்லை. மாதங்கள், வருஷங்கள் போகின்றன. பிறகு கால் வீங்கி, பல கண் வைத்து உடைந்து, சீழோடு குருணை குருணையாக வெளிவருகிறது. எலும்பும் அரிபடுகிறது.

அந்தக் குருணையில்தான் விஷயம் இருக்கிறது, தோழர்களே! ஒரே மாதிரி வீங்கும் காலுக்குக் காரணம் இரண்டு: ஒன்று காளான், மற்றொன்று பாக்டீரியா. குருணை கறுப்பானால் பெரும்பாலும் காளான். வெள்ளையானால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். குருணையைக் கண்ணாடித் துண்டில் நசுக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காளானின் தடித்த இழை தெரியும். சாயமேற்றிப் பார்த்தால் பாக்டீரியாவின் மெல்லிய இழை தெரியும். எந்த இனம் என்று உறுதிப்படுத்தச் சதைத்துண்டையும் சோதிக்க வேண்டும்; கிருமியை வளர்த்தும் பார்க்க வேண்டும். பாக்டீரியா என்றால் மாத்திரை, ஊசி பெரும்பாலும் சில மாதங்களில் கேட்கும். காளானுக்கு அந்த மருந்து எத்தனை கொடுத்தாலும் வீண். அதற்கு வேறு மருந்து வேண்டும், ஒரு வருஷம் கூட ஆகும், கத்தியும் வைக்க வேண்டி வரும். சோதிக்காமல் மருந்து கொடுப்பது இருட்டில் கல்லெறிவது. குறி தவறினால் போவது உழைப்பாளியின் கால்!

“செருப்புப் போடு” என்று உபதேசிப்பவர்கள் உண்டு. சேற்றில் நாற்று நடுகிறவள் எந்தச் செருப்பைப் போடுவாள்? “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ” என்பவர்கள் உண்டு. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஒரு நடை வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு வேறு. முடிவு வாங்க மறுநடை! “அபூர்வ நோய்க்குச் செலவா?” என்பவர்களும் உண்டு. எண்ணிப் பார்க்காத நோய் அபூர்வமாகத்தான் தெரியும்! காசநோய்ச் சளியைப் பார்க்கும் மைக்ராஸ்கோப்பே முதல் சோதனைக்குப் போதும். வேண்டியது பழக்கிய கை, சர்க்காரின் மனம்.

2016-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இதைப் ‘புறக்கணிக்கப்பட்ட நோய்’ வரிசையில் சேர்த்தது. புறக்கணித்தது யார்? உழைப்பவன் உடம்பைக் கணக்கில் வைக்காத சமுதாய அமைப்பு!

மில் தோழர்களே! உங்களுக்குப் போராடிப் பெற்ற இ.எஸ்.ஐ. இருக்கிறது. வயலில் நிற்கும் உங்கள் அண்ணன் தம்பிக்கு அது இல்லை. தாலுகா ஆஸ்பத்திரி தோறும் குருணைச் சோதனை, நோய் தீரும் வரை இலவச மருந்து, சிகிச்சை நாளுக்குக் கூலி ஈடு — இந்த மூன்றையும் ஆலைவாசலிலும் களத்துமேட்டிலும் ஒரே குரலில் கேட்போம்.

காலை வெட்டுவதா, காப்பதா என்பதைச் சோதனைக்கூடம் சொல்லட்டும். மடியில் உள்ள காசு சொல்லக்கூடாது!