மலிவு மேனிக்யூரின் விலையைக் கொடுப்பவர் யார்?

பொருளாதாரம் தளரும் காலத்தில் மக்கள் வீடு, மகிழுந்து போன்ற பெருஞ்செலவுகளைத் தள்ளிப்போடுவர். சிறு ஒப்பனைச் செலவுகளைக் கைவிடமாட்டார்கள் என்பது அழகுத் தொழிலின் நம்பிக்கை. எஸ்டீ லாடர் நிறுவனத்தின் லெனர்ட் லாடர் 2001-இல் உதட்டுச்சாய விற்பனையைக் காட்டி இக்கருத்தைப் பரப்பினார். 2008 நெருக்கடிக்குப் பின் நகப்பூச்சைக் குறித்தும் இவ்வாறே பேசப்பட்டது. ஆனால் வாடிக்கையாளர் வருவது வேறு, கடைக்கு இலாபம் கிடைப்பது வேறு. மந்தக் காலத்தில் அந்த இலாபம் எவரிடமிருந்து பிழியப்படுகிறது என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

அமெரிக்காவின் நக அழகு நிலையங்களை எடுத்துக்கொள்வோம். 1975-இல் கலிஃபோர்னிய அகதி முகாம் ஒன்றில், நடிகை டிப்பி ஹெட்ரன் இருபது வியட்நாமியப் பெண்கள் இத்தொழிலைக் கற்க வழிசெய்தார். குறைந்த முதலீடும் சிறிதளவு ஆங்கிலமும் போதும் என்பதால் குடியேறிய பெண்கள் பெருந்திரளாக இதற்குள் வந்தனர். தெருவுக்குத் தெரு கடைகள் பெருகவே கட்டணம் சரிந்தது. வாடகையை உரிமையாளரால் குறைக்க இயலாது. எஞ்சியிருப்பது தொழிலாளியின் கூலியும் உடல்நலமும்தான்.

புதிதாகச் சேரும் பெண்கள் கடைக்காரருக்குப் பணம் கட்டி, ஊதியமின்றி வேலை பார்த்ததையும், இனத்துக்கேற்பக் கூலி மாறியதையும் நியூயார்க் டைம்ஸ் 2015-இல் வெளிக்கொணர்ந்தது. கொரியப் பெண்கள் மேல்படியிலும் லத்தீன் அமெரிக்கப் பெண்கள் கீழ்ப்படியிலும் வைக்கப்பட்டிருந்ததாக அது எழுதியது. உரிமையாளர் பலர் அதை மறுத்துப் போராடினர். எனினும் ஊதியத்துக்கு உத்தரவாதமாகக் கடைகள் பிணைப்பத்திரம் பெறவேண்டும் என நியூயார்க் மாநில அரசு அதே ஆண்டில் ஆணையிட்டது.

இக்காட்சி நமக்குப் புதிதன்று. பிறர் காலைத் தொட்டுச் செய்யும் வேலையை முதலில் இழிவென வகுப்பது, பிறகு இழிவான வேலைக்கு இந்தக் கூலி போதும் என்பது: இத்தந்திரத்தை நாம் தலைமுறைகளாக அறிவோம். அங்கே நிலவுவது சாதியன்று; குடியுரிமை ஆவணமும் மொழியும் நிறமும் படிகளை அமைக்கின்றன. ஆயினும் விளைவு ஒன்றே. தமக்குக் கீழே ஒரு படி இருக்கும்வரை, உழைப்போர் ஒன்றுசேர்வதில்லை.

கூலியை வெட்டாமல் கடை நடத்த வழியில்லையா? உண்டு. முன்பதிவைக் கொண்டு ஆளற்ற நேரத்தை நிரப்பலாம். நேரத்தை விழுங்கி வருவாய் தராத சேவைகளை நிறுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்ந்த தொழிலாளியைத் தக்கவைக்கலாம். வாடிக்கையாளர் தேடி வருவது பெயர்ப்பலகையை அன்று, பழகிய கையை. அவர் வெளியேறினால் வாடிக்கையும் உடன் வெளியேறும்.

ஆனால் பக்கத்துக் கடை விலையைக் குறைக்கும்போது, நேர்மையான உரிமையாளர் தனியாக நிற்க முடியாது. ஆகவே அனைவருக்கும் பொதுவான கூலி வரம்பும் காற்றோட்ட விதிகளும் வேண்டும். அவற்றை வகுக்கும் அவையில் தொழிலாளருக்கு இடம் வேண்டும். அத்தகைய அவையைக் கோரும் மசோதா நியூயார்க்கில் முன்வைக்கப்பட்டுள்ளது. மந்தம் எல்லோரையும் தாக்குகிறது என்பர். அதன் சுமையை யார் தலையில் இறக்குவது என்பதோ, என்றும் மனிதர் எடுக்கும் முடிவே.