வாய்க்குள் வளரும் குஞ்சுகள்

கொட்டாஞ்சேனையில் கணவரை இழந்த ஓர் அக்கா, சீட்டுக் காசில் கண்ணாடித் தொட்டி வாங்கியிருக்கிறார். ஆபிரிக்காவின் மலாவி ஏரி மீன்களை வளர்த்துக் குஞ்சு விற்பது எண்ணம். "தொட்டி சும்மா கிடக்குதே, தங்கச்சி" என்று அவசரப்படுகிறார்.

பொறுக்கத்தான் வேண்டும், சகோதரிகளே. மீன்கழிவில் வரும் அமோனியா நஞ்சு. அதை மாற்றும் பக்டீரியா வடிகட்டியில் பெருக 4 முதல் 6 வாரமாகும். அதுவரை மீனில்லாத தொட்டியில் தினமும் சிறிது மீனுணவு இடுங்கள். குழாய் நீரின் குளோரினையும் நீக்க வேண்டும். அந்த ஏரி நீர் காரத்தன்மையுள்ளது. கழுவிய சிப்பி ஓடுகள் அதற்கு உதவும். முருகைக்கல் வேண்டாம், அதை அகழ்வது சட்டவிரோதம்.

ஓர் ஆணுக்கு நான்கு பெண்களாவது இருக்கட்டும். ஒரே பெண்ணென்றால் ஆண் துரத்தியே கொன்றுவிடும். ஒளியக் கற்குகைகளும் தேவை. (இதைக் கேட்டு அக்கா சிரித்த சிரிப்பு வேறு விதம்.) தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏறக்குறைய மூன்று வாரம் வாய்க்குள் காக்கும். அந்நாட்களில் பெரும்பாலும் உண்ணாது. ஆகவே குஞ்சு வெளிவந்ததும் தாயைச் சில நாள் தனியே வைத்து, நன்றாக உணவு கொடுத்த பின்பே தொட்டிக்குத் திருப்புங்கள்.

குஞ்சு வாங்கும் கடையை இப்போதே பேசி வையுங்கள். மிஞ்சியதை வெள்ளவத்தைக் கால்வாயில் விட்டுவிடாதீர்கள்.