சுமந்தவர் கையில் மட்டை

பொல்பிட்டியவில், 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நீர்மின் நிலையத்துக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு லயத்து வாசலில், மழை விட்ட மாலைப்பொழுதொன்றில், குடையைத் தலைகீழாகப் பிடித்து அதன் வளைந்த கைப்பிடியால் காய்ந்த எலுமிச்சையொன்றைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுவனையும், அவன் பின்னால் குந்தியிருந்த அவனுடைய தாத்தாவையும் கண்டேன். இளமையில் நுவரெலியாவின் கொல்ப் மைதானத்தில் கெடியாகத் துரைமாரின் பை சுமந்தவர் அவர்.

"எடது கை மேல, சோத்துக் கை கீழ வரணும்டா பேராண்டி. நீ மாத்திப் புடிக்கிற" என்று திருத்தினார்.

பேரன் கேட்கவில்லை. மாற்றிப் பிடித்தே அடித்தான். எலுமிச்சை வாய்க்காலைத் தாண்டிப் போய்த் தேயிலைச் செடியடியில் விழுந்தது.

அந்தப் பிடியைக் கண்டதும் என் நினைவு தென்னாபிரிக்காவின் டர்பன் நகருக்குச் சென்றது. 1860ஆம் ஆண்டு தொடங்கி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களால் உருவான இந்தியச் சமூகத்தில் தோன்றி, கெடியாக ஜீவனம் நடத்தி, எழுதப் படிக்கவும் வாய்ப்பில்லாமல் வளர்ந்து, இதே மாற்றுப் பிடியைக் கொண்டே 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டச்சு ஓபன் பட்டத்தை வென்றவர் பப்வா செவ்கோலம். 1963இல் தம் சொந்த ஊரில் நேட்டால் ஓபனை அவர் வென்றபோது, வெள்ளையர்க்கே உரியதாயிருந்த கழகக் கட்டடத்துள் அவரை விடாமல், மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். 1965இல் உலகப் புகழ்பெற்ற வெள்ளை வீரர் கேரி பிளேயரையே அதே போட்டியில் அவர் முறியடித்தார். அதன் பின் நிறவெறி அரசாங்கம் உள்நாட்டுப் போட்டிகளிலிருந்து அவரை விலக்கிற்று, கடவுச்சீட்டையும் பறித்துக்கொண்டது. 1978இல் வறியவராகவே அவர் மறைந்தார்.

கையிலிருந்த வித்தையை எவராலும் பறிக்க முடியவில்லை. பறிக்கப்பட்டது பிரயாணம் செய்யும் உரிமை. கொல்ப்பைத் தொழிலாகக் கொள்பவனுக்கு அந்த உரிமையே பாதி ஜீவன் என்பதை, இந்த ஆட்டத்தைச் செல்வந்தர்களின் பொழுதுபோக்காக மட்டும் அறிந்தவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வாரத்துக்கு ஓர் ஊர். ஊருக்கு ஒரு போட்டி. வண்டிச் சத்தமும் தங்குமிடமும் நுழைவுக் கட்டணமும் அவனவன் பொறுப்பு. நான்கு நாள் ஆட்டத்தில் முதலிரண்டு நாள் முடிவில் அடிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; அவர்களுக்குக் காசு கிடையாது. ஓர் அடி கூடிப்போனதற்காக வெறுங்கையோடு திரும்புகிற இளைஞன், அடுத்த வாரமும் ரயிலேற யாரிடம் கைநீட்டுவான்? 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய வருமானத்துக்குள் வாழும் குடும்பம் ஒரு பருவத்தின் தோல்விகளைத் தாங்கிக்கொள்ளாது.

ஆயினும் ஞானம் நம்மிடத்தில் குறைவன்று. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவின் மெல்லிய காற்றில் பந்து எவ்வளவு தூரம் கூடுதலாகப் போகும், பனி படிந்த புல் அதை எவ்விடத்தில் தடுத்து நிறுத்தும், குழிக்குப் பக்கத்துச் சரிவு கண்ணை எப்படி ஏமாற்றும் என்பனவற்றை, மட்டை பிடிப்பவரைவிடப் பை சுமப்பவரே நுட்பமாக அறிவார். கொல்கத்தாவில் மைதானப் புல்லைப் பராமரித்தவரின் மகனான எஸ்.எஸ்.பி. சௌராசியா, 2008இல் ஐரோப்பியச் சுற்றைச் சேர்ந்த இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தையும், பின்னர் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓபனையும் வென்றார். கெடியாயிருந்த அலி ஷேர் அவருக்கு முன்பே, 1991இல், இந்தியன் ஓபனை வென்றிருந்தார். இலங்கையரும் பின்தங்கியவர்களல்லர்: 2002ஆம் ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டு விழாவில் அனுர ரோஹண தனிநபர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற தமிழ்ப் பெயர்களை இந்தியத் தொழில்முறைச் சுற்றின் முடிவுப் பட்டியல்களில் காணும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர்கள் ஏன் கடல் கடந்து போய் ஆட வேண்டியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ஒரு தொழிலாளனைப் பிழைக்க வைக்கும் அளவுக்குப் போட்டிகள் இத்தீவில் இல்லை.

நம் மலையகத்தாருக்கோ, கடல் கடப்பதே நெடுங்காலம் கைகூடாத காரியமாயிருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் குறை சட்டப்படி தீர 2003 வரை சென்றது. இடைப்பட்ட காலத்தில் பை சுமந்தவர்களுள் எத்தனை செவ்கோலம்கள் இருந்தார்களோ! செவ்கோலத்திடமிருந்து பறிப்பதற்குக் கடவுச்சீட்டு ஒன்றாவது இருந்தது. பிரஜையென்றே ஏற்கப்படாத நம்மவருக்கு அது ஏது?

இன்று அந்தக் கடவுச்சீட்டு கிடைக்கிறது. மட்டையும் மைதானமும் வழிச்செலவுமே கிடைப்பதில்லை. கெடிகளுக்கு வாரத்தில் ஒரு காலை ஆட இடங்கொடுப்பது பல நாடுகளில் பழைய வழக்கம். மலைநாட்டுக் கொல்ப் கழகங்கள் அந்தக் காலைப்பொழுதை லயத்துப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட வேண்டும். அங்கத்தவர்கள் கழித்துப்போடும் பழைய மட்டைகளை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். தேறிவருகிற இருவருக்கோ மூவருக்கோ இரண்டு பருவத்து வழிச்செலவைத் தேயிலைக் கம்பனிகள் ஏற்க வேண்டும். பொல்பிட்டியப் பையனுக்கு வயது ஒன்பது. குடைக்குப் பதிலாக ஒரு மட்டையை அவனுக்கு இந்த ஆண்டே கொடுங்கள்.