ரசிகனின் கைக்கிளை

புறநானூற்றில் 83 முதல் 85 வரையுள்ள மூன்று பாடல்கள் பெருங்கோழிநாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. சோழ மரபினனான போரவைக் கோப்பெருநற்கிள்ளியின்பால் அவர் கொண்ட காதலைச் சொல்பவை, திணை கைக்கிளை. இவற்றுள் 85ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம், இது காதல் பாட்டு மட்டுமன்று, ஒரு விளையாட்டு ரசிகையின் பாட்டும்கூட என்று மாணவர்களிடம் நாம் சொல்வதுண்டு. களம் இருக்கும் ஊர் கிள்ளியின் ஊர் அன்று. ஆகவே பார்த்தவர்கள் இரு கூறாகப் பிரிந்து, வெற்றி அவனுக்கே என்று ஒரு சாராரும் இல்லை என்று மறு சாராரும் பேசிக்கொள்கின்றனர். நக்கண்ணையார் அந்தப் பேச்சை நம்பி நிற்கவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடி, தம் வீட்டுப் பனைமரத்தைப் பற்றி நின்று, தம் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்.

இலக்கியம் பேசும் இடத்தில் கிரிக்கெட்டுக்கும் கூடைப்பந்துக்கும் என்ன வேலை என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு இதுவே நம் பதில். ஆட்டக்காரனுக்கும் ஊருக்கும் என்ன உறவு, பிற ஊரார் நம் ஊரின் பெயரில் ஆடினால் நாம் யார் பக்கம் நிற்பது, கேட்டதை நம்புவதா கண்டதை நம்புவதா என்ற கேள்விகள் அந்தப் பாட்டிலேயே இருக்கின்றன. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வாழும் விளையாட்டு ரசிகர்களுக்கு இன்று அவை மிக அண்மையில் வந்து நிற்கின்றன.

சேலத்துக்கென்று ஒரு தொழில்முறைக் கிரிக்கெட் அணி 2021இல் கிடைத்தது: தமிழ்நாடு பிரீமியர் லீகில் ஆடும் சேலம் ஸ்பார்ட்டன்ஸ். அதற்கு முன்பே, 2020 பிப்ரவரியில், வாழப்பாடிக்கு அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானம் திறக்கப்பட்டது. ராகுல் திராவிட் அந்த விழாவுக்கு வந்திருந்தார். 2022 முதல் அங்கே லீக் ஆட்டங்கள் நடைபெற்றன. மலைகள் சூழ்ந்த அந்த மைதானத்தின் அழகைப் பற்றி நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அணியைப் பற்றி இருக்கிறது. 2021 முதல் 2025 வரை ஐந்து பருவங்களில் நம் அணி ஒருமுறைகூட முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை.

தோல்வி நமக்குப் பெரிய குறையன்று. தோற்கும் அணியை நேசிப்பதில் ஒரு தனிச்சுவை உண்டு என்பதைப் பழுத்த ரசிகர்கள் அறிவார்கள். நமக்கு உறுத்துவது வேறு. இந்த அணி முளைத்தது நம் மண்ணில் அன்று. லீகின் முதல் பருவமான 2016இல் கோப்பையை வென்ற டூட்டி பேட்ரியாட்ஸ்தான் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆயிற்று. காரைக்குடிக் காளையும் அவ்வாறே திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. அந்தத் திருப்பூர் 2025இல் கோப்பையையும் வென்றது. ஆக, நமக்கு வாய்த்தது தூத்துக்குடி இழந்த அணி. அவர்கள் ஊரின் பெயரைத் தாங்கிய கோப்பை எந்த ஊரின் வரலாற்றில் சேரும்? சேலத்தின் வரலாற்றில் அதைச் சேர்த்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் இத்தகைய இடமாற்றம் பழைய செய்தி. புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி, 1955இல் சாம்பியன் பட்டம் வென்று, 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. அது ஆடிய எபெட்ஸ் ஃபீல்ட் மைதானம் 1960இல் இடிக்கப்பட்டது. புரூக்ளின் மக்கள் அந்த இழப்பைத் தலைமுறைகளுக்குச் சொல்லி வருந்தினார்கள். தூத்துக்குடியில் அப்படியொரு துயரம் எழுந்ததாக நாம் கேள்விப்படவில்லை. காரணம் எளிது. 2016 முதல் 2019 வரை லீகின் ஆட்டங்கள் சென்னையிலும் திருநெல்வேலியிலும் நத்தத்திலும்தான் நடந்தன. தம் ஊரில் ஒருநாளும் ஆடாத அணிக்காக ஓர் ஊர் எப்படி அழும்?

நம் நிலை அதைவிட மேல், ஆட்டங்களையாவது பார்க்கிறோம். ஆனாலும் அணி நமதாகிவிட்டதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 2023 ஜூன் 13 அன்று கோவையில் சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்கு எதிரான ஆட்டத்தில் இருபதாம் ஓவரை வீசியவர் நம் அணித்தலைவர் அபிஷேக் தன்வர். கடைசிப் பந்தில் எதிராளியின் ஸ்டம்ப் சிதறியது. ஆனால் அது நோபால். அடுத்ததும் நோபால், அது சிக்ஸருக்குப் போயிற்று. மூன்றாவதும் நோபால், இரண்டு ரன். பிறகு ஒரு வைடு. இறுதியாக முறையாக வீசப்பட்ட பந்தும் சிக்ஸர். ஒரே ஒரு பந்தைக் கணக்கில் முடிக்க 18 ரன்கள். நாடெங்கும் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நாம் கவனித்தது சேலம் என்ன செய்தது என்பதை. சேலமும் சேர்ந்து சிரித்தது. தேநீர்க் கடைகளிலும் ஆசிரியர் அறைகளிலும் அது வெறும் வேடிக்கைச் செய்தியாகவே உலவியது. சொந்தப் பிள்ளை தடுக்கி விழுந்தால் வரும் பதைப்பை நாம் யாரிடமும் காணவில்லை. அவமானத்தில் பங்கு கொள்ளாத ஊர் அந்த அணியைத் தன்னுடையதாக ஏற்கவில்லை என்றே பொருள். வெற்றியைக் கொண்டாட யாரும் வருவார்கள்.

இதற்கு நேர்மாறான காட்சியையும் இதே ஊர் கண்டிருக்கிறது. சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர். தறித் தொழிலாளியின் மகன். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்குப் போய், 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில் ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூன்று வடிவிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஒரே பயணத்தில் இவ்வாறு அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். ஊர் திரும்பியபோது அவரைக் குதிரை பூட்டிய ரதத்தில் அழைத்துச் சென்றார்கள். ஐபிஎல்லில் அவர் பெரும்பாலும் ஆடியது ஹைதராபாத் அணிக்காக. தமிழ்நாடு லீகிலும் 2023 ஏலத்தில் அவரை எடுத்தது திருச்சி, 2024 ஏலத்தில் திருப்பூர். எந்தச் சட்டையை அணிந்தாலும் அவர் நம்மவர் என்பதில் இங்கே எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. அதே சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த பெரியசாமி 2019 இறுதி ஆட்டத்தில் சேப்பாக்குக்காக ஐந்து விக்கெட் வீழ்த்தியபோதும் மகிழ்ந்தது இந்த வட்டாரம்தான். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக் உயரத் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றதும், பின்னர் டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் பெற்றதும் இங்கே வீட்டுச் செய்திகள்.

சட்டையில் அச்சிட்ட ஊர்ப்பெயரைக் கண்டு இந்த வட்டாரத்து மக்கள் மயங்கவில்லை. ஆட்டக்காரனை அறிந்திருப்பதே அவர்களுக்கு முக்கியம். அவன் எந்தத் தெருவில் பந்து வீசினான், எந்தப் பேருந்தில் பயிற்சிக்குப் போனான் என்பது தெரிந்தால் அவன் நம்மவன். கபடியிலும் இதே கதைதான். தமிழ் தலைவாஸ் 2017இல் புரோ கபடிக்குள் வந்தது. முதன்முறையாக அரையிறுதியைக் கண்டது 2022ஆம் ஆண்டுப் பருவத்தில். அதன் நட்சத்திரங்களில் பலர் வடமாநிலத்தவர். அவர்களது திறமையை நாம் மெச்சுகிறோம். ஆனால் ராசிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பொங்கலுக்கு நடக்கும் பகலிரவுக் கபடியில் எழும் ஆரவாரம், தொலைக்காட்சியில் தலைவாஸ் ஆடும்போது எழுவதில்லை.

இங்கேதான் நம் கல்லூரி அணிகளைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. ஆட்டக்காரர்களை நாம் நேரில் அறிந்த அணிகள் அவையே. நாம் பார்க்கப் போகாத அணிகளும் அவையே. 1997இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லை சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் பரந்தது. ஆண்டுதோறும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் நடக்கின்றன. அவற்றிலிருந்து தேர்வாகும் பல்கலைக்கழக அணி தென்மண்டலப் போட்டிக்குச் செல்கிறது. மாவட்டப் பக்கத்தில் இரண்டு வரிச் செய்தி வரும். பார்வையாளர் என்று சொல்லப்போனால் இரு கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள், மாற்று ஆட்டக்காரர்கள், நிழலுக்கு ஒதுங்கிய சில மாணவர்கள்.

நமக்கு இவற்றில் மிகவும் பிடித்தது கூடைப்பந்து. களத்துக்கு ஐவர், பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள், 24 விநாடிக்குள் எறிந்தாகவேண்டிய நெருக்கடி. கிரிக்கெட்டைப் போல எழுபது கஜத்துக்கு அப்பாலிருந்து பார்க்கும் ஆட்டமன்று. எல்லைக்கோட்டருகே நின்றால் காலணி தரையில் உரசும் ஒலியும், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலும் கேட்கும். நம் வட்டார அணிகளைப் பற்றிய நம் மதிப்பீட்டையும் சொல்லிவிடுகிறோம். ஓட்டத்தில் அவை எவருக்கும் சளைத்தவை அல்ல. பந்தைப் பறித்த மறுகணம் எதிர்க்கூடையில் நிற்பார்கள். உயரம் குறைவு என்பதை வேகத்தால் ஈடுகட்டுகிறார்கள். பலவீனம் ஃப்ரீ த்ரோ. யாரும் தடுக்காமல், நின்று நிதானித்து எறியவேண்டிய பந்துகளைத் தவறவிட்டே நெருக்கமான ஆட்டங்களை இழக்கிறார்கள். மாணவியர் அணிகள் இதில் மேல். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டு, பிற்பகல் வெயிலில் கொதிக்கும் சிமென்ட் தளத்தில் அவர்கள் காட்டும் நிதானம் மாணவர்களிடம் அரிது.

இந்தப் பிள்ளைகளின் ஆட்ட வாழ்வு பெரும்பாலும் மூன்றாண்டுகள். ஆத்தூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்துக் காலைப் பயிற்சிக்கு வந்து, வியர்வையோடு முதல் வகுப்பில் அமர்ந்து, மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பந்தைக் கீழே வைப்பவர்கள். சிலருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கலாம். மற்றவர்களுக்கு மிஞ்சுவது ஒரு சான்றிதழும் ஒரு குழுப் புகைப்படமும். அவர்கள் ஆடியதை ஊர் பார்த்தது என்ற நினைவாவது மிஞ்சவேண்டாமா?

இதில் நம் வட்டாரத்துக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது. நாமக்கல் என்றதும் தமிழகம் நினைவுகூர்பவற்றுள் லாரியோடும் முட்டையோடும் மதிப்பெண்ணும் ஒன்று. மாநிலமெங்கிலுமிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்த காலத்தில், விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கும் இயற்பியலுக்கும் போயிற்று. பெற்றோரைக் குறைசொல்ல நாம் துணியோம். மானாவாரி நிலத்தையும் தறியையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு மதிப்பெண் ஒன்றே உறுதியான ஏணியாகத் தெரிந்தது. ஆனால் அந்த இரண்டாண்டுகளில் ஓடாமல் இருந்த கால்கள் கல்லூரிக்கு வந்தபின் ஓடுவது எளிதன்று. அதையும் மீறி ஆட வருகிறவர்களை ஆளில்லாத களத்தில் ஆடவிடுவது நியாயமா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை நண்பர்கள் எடுத்துக்காட்டுவார்கள். 1939இல் எட்டு அணிகளோடு தொடங்கிய அவர்களது தேசியப் போட்டி இன்று 68 அணிகளோடு ஒவ்வொரு மார்ச்சிலும் நாட்டையே நிறுத்திவைக்கிறது என்பது உண்மையே. ஆனால் அங்கே கல்லூரி ஆட்டமும் பெருவணிகமாகி, ஆட்டக்காரர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி தாவுவது வழக்கமாகிவிட்டது. நாம் வேண்டுவது அந்தப் பணத்தையன்று, தம் ஊர்க் கல்லூரி ஆடினால் அரங்கை நிரப்பும் அந்தப் பழக்கத்தை.

தொழில்முறை அணியையும் நாம் வெறுக்கவில்லை. அது நமதாகவேண்டும் என்றே விரும்புகிறோம். தமிழ்நாடு லீகே கல்லூரி மைதானங்களை நம்பித்தான் மாவட்டங்களுக்கு வந்தது, நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம், கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ணா கல்லூரி மைதானம். அந்த உறவைச் சேலம் அணி இன்னும் நெருக்கமாக்கலாம். பருவத்துக்கு முன் நம் கல்லூரி அணிகளோடு இரண்டு பயிற்சி ஆட்டங்கள் ஆடட்டும். ஏலத்தில் ஓரிரு இடங்களையாவது இந்த மாவட்டங்களின் இளைஞர்களுக்கென்று மனத்தில் ஒதுக்கிவைக்கட்டும். அவர்களில் ஒருவன் கடைசி ஓவரில் 18 ரன் கொடுத்தாலும் சேலம் சிரிக்காது; அன்றிரவு உறங்காது.

கல்லூரிகளிடமும் ஒரு விண்ணப்பம். இறுதி ஆட்டங்களை வேலைநாள் பிற்பகலில் வைக்காமல் மாலையில் வையுங்கள். வாயிற்கதவை ஊராருக்குத் திறந்துவிடுங்கள். ஆடுபவரின் பெயரோடு அவருடைய ஊரையும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். தலைவாசல் என்றோ பரமத்தி என்றோ கேட்டதும் கூட்டத்தில் யாரேனும் ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார்.

மிச்சம் இருப்பது ரசிகர்களாகிய நம் கடமை. ரசிகனின் அன்பும் ஒருவகையில் கைக்கிளைதான். களத்தில் இருப்பவருக்கு நாம் யாரென்றே தெரியாது. பன்னாட்டு நட்சத்திரத்தை நேசிக்கும்போது அது என்றைக்கும் ஒருதலையாகவே இருக்கும். பக்கத்துக் கல்லூரியின் களத்தில் அப்படியன்று. நான்கு ஆட்டங்களுக்குத் தொடர்ந்து போனால் ஐந்தாவது ஆட்டத்தில் அந்தப் பெண்கள் நம்மை அடையாளம் கண்டு தலையசைப்பார்கள். வென்றார்களா தோற்றார்களா என்று மறுநாள் நாளிதழில் தேடவேண்டியதில்லை. நக்கண்ணையார் செய்ததைப் போல எழுந்து போய்ப் பார்த்தால் போதும். நிற்பதற்குக் களத்தோரம் ஒரு வேப்பமரமாவது இருக்கும்.